பதினான்கு தாள்களில் என் பலாச்சுளை

வினோதினி நல்ல பெண். நான் ஓய்வு பெற்ற இடத்துக்குத் தமிழாசிரியராக வந்தவள். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சுரங்க டவுன்ஷிப்பின் நுழைவு ஆர்ச்சுக்கு வெளியே நாங்கள் கட்டியிருக்கும் வீட்டுக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கையில் ஒரு தாள் வைத்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போதெல்லாம் பாட்டைப் போட்டோ எடுத்துப் போனிடம் காட்டுகிறார்களாம். அது அரை நிமிஷத்தில் நயம் எழுதித் தந்துவிடுகிறதாம். நாற்பது நோட்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதாம். அதைத் தடுக்க ஒரு நல்ல மாதிரிப் பத்தி கிடைத்திருக்கிறது, அதையே எல்லோரையும் மனப்பாடம் செய்யச் சொல்லப்போகிறேன், நீங்கள் ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள் என்றாள்.

நாற்பது பேர் ஒரே மாதிரி எழுதுவதைத் தடுக்க நாற்பது பேருக்கும் ஒரே பத்தி! சிரித்திருக்க வேண்டும். ஆனால் தாளை வாங்கி நான்காவது வரிக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

‘பண்ருட்டிப் பலாச்சுளையைப் பிட்டால் உள்ளே கொட்டை இருப்பதுபோல, இக்கவிதையைப் பிட்டால் உள்ளே உயர்ந்த கருத்து இருக்கிறது.’

“யார் எழுதுனதுன்னு தெரியலம்மா. பண்ருட்டியில ஒரு ஜெராக்ஸ் கடையில கெடைக்குது. ரொம்ப வருஷமா ஓடிக்கினு இருக்குதாம்” என்றாள்.

எழுதியவள் நான்தான். அதை அவளிடம் வாயால் சொல்ல வரவில்லை. தாளை வைத்துவிட்டுப் போ, எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவள் எதிர்பார்த்தது இரண்டு திருத்தங்களாக இருக்கும். எனக்கு வந்தது இது.

தமிழ்த் தேர்வு எழுதியவர்களுக்கு இந்தக் கேள்வி மறந்திருக்காது. ஆறேழு வரியில் ஒரு பாட்டைக் கொடுத்து, கீழே ‘நயம் பாராட்டுக’ என்று போட்டிருப்பார்கள். பாட்டின் மையக்கருத்து என்ன, எதுகை மோனை எங்கே வருகிறது, அணி எது, என்ன சுவை என்று ஒரு பத்தி எழுத வேண்டும். பாடப் புத்தகத்தில் இல்லாத பாட்டும் வரும் என்பதால் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி என்றாலே உதறல். நான் வேலை பார்த்த காலத்தில் பாதிக்கு மேல் அதற்கு எட்டு மதிப்பெண் இருந்தது.

நான் குறிஞ்சிப்பாடிப் பெண். தமிழ் எம்.ஏ., பி.எட். என்று படித்து முடித்து, சுரங்கத்தில் வேலை பார்க்கிறவரைக் கட்டிக்கொண்டு டவுன்ஷிப்புக்கு வந்தேன். அடுத்த வருஷமே பள்ளியில் வேலை கிடைத்தது. பிள்ளைகளுக்கு நான் ‘தமிழம்மா’. முதல் ஐந்தாறு வருஷம் எனக்கு நினைப்பு அதிகம். பாட்டை ஐந்து தரம் வாசிக்க வைப்பேன். புத்தகத்தை மூடச் சொல்வேன். மனதில் என்ன நிற்கிறதோ அதை எழுதுங்கள் என்பேன். பிள்ளைகள் அழகாக எழுதினார்கள். பொதுத்தேர்வில் எட்டுக்கு மூன்று வாங்கினார்கள். திருத்துகிறவர் எதுகை எங்கே, மோனை எங்கே, சுவை எங்கே என்று தலைப்பைத் தேடுவார். இவர்கள் தலைப்பே போட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு பெற்றோர் கூட்டத்தில், முதல் ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு நேராக வந்த ஒரு அப்பா என் மேசைக்கு முன்னால் நின்றார். கோபமெல்லாம் இல்லை. “டீச்சர், என் பொண்ணு உணர்ச்சியா எழுதுதுன்னு சொல்றீங்க, சந்தோஷங்க. மார்க்கு வரலியே. உணர்ச்சிய பாத்து காலேஜுல சீட்டு குடுப்பாங்களா?” என்றார்.

அந்த வாரமே உட்கார்ந்து அந்தப் பத்தியை எழுதினேன். பன்னிரண்டு வாக்கியம். எந்தப் பாட்டு வந்தாலும் பொருந்தும். மையக்கருத்துக்கு ஒரு கோடிட்ட இடம், எதுகைச் சொற்களுக்கு ஒன்று, மோனைச் சொற்களுக்கு ஒன்று. அணி தெரியாவிட்டால் இயல்பு நவிற்சி அணி என்று போடு, யாராலும் மறுக்க முடியாது என்பேன். நடுவில் ஒரு ருசிக்காக அந்தப் பலாச்சுளை. கடைசியில் சுவை. அதற்கும் முதலில் கோடிட்ட இடம்தான் விட்டிருந்தேன். ஆனால் பிள்ளைகள் அங்கே வந்துதான் தடுமாறினார்கள். அதுவரை வந்த பாட்டுகளைப் பார்த்தால் தமிழ், இயற்கை, நாடு, மழை என்று எல்லாமே மகிழ்ச்சிப் பாட்டு. கோட்டை எடுத்துவிட்டு நானே நிரப்பிவிட்டேன்: ‘இப்பாடலில் உவகைச் சுவை பொங்குகிறது. படிக்கப் படிக்க நம் உள்ளம் துள்ளுகிறது.’

இது வேலை செய்தது. மூன்று வாங்கியவர்கள் ஏழு வாங்கினார்கள். தலைமையாசிரியர் ஆசிரியர் கூட்டத்தில் என் பெயரைச் சொன்னார். பிள்ளைகள் அதை அத்தை பிள்ளைக்கும் டியூஷன் தோழிக்கும் கொடுத்தார்கள். குள்ளஞ்சாவடியில் ஒரு டியூஷன் சென்டரில் என் பத்தியைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் பிறந்த பக்கம்கூட நம் எழுத்து போய்விட்டதே என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன்.

இப்படியே பல வருஷம் ஓடியது. பிறகு அந்த விடைத்தாள் திருத்தும் முகாம் வந்தது.

திருத்தும் முகாம் எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு மாவட்டத்துத் தாள்கள் அதே மாவட்டத்துக்கு வராது. பெயரும் பதிவெண்ணும் உள்ள மேல் பகுதியைக் கிழித்து எடுத்துவிட்டு வேறு எண் போட்டுத்தான் தாள் கைக்கு வரும். யாருடைய தாள், எந்தப் பள்ளி என்பது தெரியாது, தெரியக் கூடாது. ஒரு மேசைக்கு ஆறேழு ஆசிரியர்கள். சிவப்பு மையில் திருத்துவோம். மேசைக்குத் தலைமையாக ஒரு முதன்மைத் தேர்வாளர் இருப்பார். நாங்கள் திருத்தியதில் சிலவற்றை எடுத்து அவர் பச்சை மையில் சரிபார்ப்பார். எனக்கு எப்போதும் எங்கள் மாவட்டத்தில்தான் முகாம் விழும். அந்த வருஷம் ஆள் போதவில்லை என்று எங்களில் சிலரைப் பக்கத்து மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் பக்கத்துத் தாள்கள் அங்கே வந்திருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

எங்கள் மேசையின் முதன்மைத் தேர்வாளர் தணிகாசலம் ஐயா. ஒல்லியான மனிதர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. எங்கோ ஒரு கிராமத்து மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர் என்றார்கள். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அதனால்தான் பயம். தினமும் காலையில் விடைக்குறிப்பை நின்றுகொண்டு முழுதாக வாசிப்பார். “சந்தேகம் இருக்கா?” என்று கேட்டுவிட்டு, பத்து வரை எண்ணுகிற மாதிரி உதடு அசையக் காத்திருப்பார். அவரிடம் எண்கள் தேய்ந்துபோன ஒரு மர ஸ்கேல் இருந்தது. தாளைச் சரிபார்க்கும்போது ஒவ்வொரு வரிக்கும் கீழே அதை வைத்து வைத்து நகர்த்துவார். தவறு என்று ஒரு சொல் சொல்லமாட்டார். தாளை நம் பக்கம் திருப்பி, அந்த வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்துவிட்டு, “காரணம் எழுதுங்க” என்பார். மதிப்பெண்ணைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஓரத்தில் ஒரு வரி காரணம் எழுத வேண்டும் என்பது அவர் வைத்திருந்த சட்டம். இரண்டே நாளில் அந்த இரண்டு சொல்லுக்குப் பயந்து நாங்கள் எல்லோரும் போட்ட மதிப்பெண்ணை இரண்டு தரம் பார்க்கத் தொடங்கினோம்.

அந்த வருஷம் நயம் கேள்விக்கு வந்த பாட்டு இது. யார் எழுதியது என்று போடவில்லை.

ஆணியிலே தொங்குதப்பா உன்றன் சட்டை;
அதிலின்னும் உன்வியர்வை வாசம் உண்டு;
ஏணியின்மேல் நீவைத்த சுண்ணச் சட்டி
இறக்கிவைக்க ஆளின்றிக் காயு தப்பா;
காணவந்தோர் எல்லோரும் போன பின்பும்
கதவைநான் சாத்தாமல் வைத்தி ருந்தேன்.

விடைக்குறிப்பில் சுவை என்ற இடத்தில் ‘அவலம்’ என்று இருந்தது. ஐயா அதை வாசிக்கும்போது ஒரு நொடி நிறுத்தி வாசித்தார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை என் விடைத்தாள் கட்டில் ஏழாவது தாள். நயம் கேள்விக்கு வந்தேன். பண்ருட்டிப் பலாச்சுளை! முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? என் வாக்கியம் இன்னொரு மாவட்டத்து மேசையில் என் கைக்கே வந்திருக்கிறது என்று நெஞ்சு நிமிர்ந்தது. அப்படியே படித்துக்கொண்டு கீழே வந்தேன். ‘இப்பாடலில் உவகைச் சுவை பொங்குகிறது. படிக்கப் படிக்க நம் உள்ளம் துள்ளுகிறது.’

அப்பா செத்துப்போன பாட்டு. உள்ளம் துள்ளுகிறது.

பேனா நின்றது. சுவைக்கு இரண்டு மதிப்பெண். விடைக்குறிப்பின்படி பூஜ்யம் போட வேண்டும். என்னால் முடியவில்லை. அதைத் தவறு என்று அடித்தால் நான் அடிப்பது அந்தப் பிள்ளையை இல்லையே. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இரண்டும் போட்டு, மொத்தம் ஆறு என்று வட்டம் போட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். முப்பத்தொரு வருஷ வேலையில் தெரிந்தே செய்த தவறு அது ஒன்றுதான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒன்று போதும்.

சாப்பாட்டுக்குப் பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஜகுமாரி டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். விழுப்புரம் பக்கத்துக்காரர், வாய் சும்மா இருக்காது. “இங்க பாருங்களேன் இந்த அநியாயத்த. அப்பன் செத்து வூடே அழுதுகினு கெடக்குது. இந்தப் புள்ளைக்கு உள்ளம் துள்ளுதாம். நடுவுல பலாச்சுளை வேற” என்று மேசைக்கே கேட்கிற மாதிரி வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்து நிமிஷத்தில் அவர் இன்னொன்று எடுத்தார். அதே பலாச்சுளை, அதே துள்ளல். எதிரே இருந்தவர் என்னிடமும் ஒன்று இருக்கிறது என்றார். அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை.

தணிகாசலம் ஐயா எழுந்து வந்தார். எல்லோரும் அவரவர் கட்டைப் பிரித்துப் பாருங்கள் என்றார். அரை மணி நேரத்தில் பதினான்கு தாள் அவர் முன்னால் சேர்ந்தது. என்னிடமிருந்து இரண்டு. ஒன்று, காலையில் நான் ஆறு போட்டது. தாள்களை வரிசையாகப் பரப்பி, முதல் தாளின் ஒரு வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்தார். பிறகு அடுத்த தாளில் அதே வரி. அடுத்தது. பதினான்கு தாளும் முடிக்க இருபது நிமிஷம் ஆனது. யாரும் பேனாவை எடுக்கவில்லை.

“மொத்தமா காப்பி. ஹால்ல யாரோ வாயால சொல்லியிருக்காங்க. சரியா சொல்லியிருந்தா நமக்குத் தெரியாமயே போயிருக்கும். தப்பா சொன்னதால மாட்டிக்கிட்டாங்க” என்றார்.

இதற்கு என்ன அர்த்தம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஐயா அறிக்கை எழுதி முகாம் அலுவலரிடம் கொடுப்பார். ஐந்து மணிக்கு அன்றைய தாள்களை மூட்டை கட்டி முத்திரை வைக்கும்போது இந்தப் பதினான்கும் தனியாகப் போகும். அந்தப் பிள்ளைகளின் முடிவு நிறுத்தி வைக்கப்படும். விசாரணை என்று வந்து முடிவதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடும். தேர்வு அறையில் நின்ற ஆசிரியர் யாரோ, அவருக்கும் வேலை போகலாம். சுவர்க் கடிகாரத்தில் மூன்றே முக்கால். ஐயா அறிக்கைத் தாளை எடுத்துப் பேனா மூடியைக் கழற்றினார்.

எழுதத் தொடங்குமுன் என் தாளைத் தூக்கிப் பார்த்தார். “இதுல சுவைக்கு ரெண்டு விழுந்திருக்கு. யார் திருத்துனது?”

“நான்தாங்க ஐயா.”

தாளை என் பக்கம் திருப்பினார். வரிக்குக் கீழே ஸ்கேல். “காரணம் எழுதுங்க.”

கவனிக்கவில்லை என்று எழுதிவிட்டால் என் சிக்கல் அதோடு தீர்ந்துவிடும். முகாமில் யாருக்கும் நடக்கிற பிழைதான். உண்மையைச் சொன்னால், எங்கிருந்து வந்த தாள் என்று தெரிந்தும் திருத்தினாள் என்று ஆகும். பள்ளிக்கு எழுதுவார்கள், மெமோ வரும். டவுன்ஷிப்பில் ஒரு வீட்டில் தும்மினால் எல்லா பிளாக்கிலும் கேட்கும். நல்ல தமிழம்மா என்று இத்தனை வருஷம் சேர்த்த பெயர் ஒரே நாளில் போகும். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து பானைப் பக்கம் போனேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேனே தவிரக் குடிக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. திரும்பிப் பார்த்தபோது ஐயா அறிக்கையில் இரண்டு வரி எழுதிவிட்டிருந்தார்.

திரும்பி வந்து நின்றபடியே சொன்னேன். “ஐயா, அத நிறுத்துங்க. இது காப்பி இல்லைங்க. இந்தப் பத்தி நான் எழுதுனது.”

ராஜகுமாரி டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. இது உங்கள் பள்ளித் தாளா என்று ஐயா கேட்டார். தெரியாது, என் பத்தி ஊர் ஊராகச் சுற்றுகிறது, எந்தப் பள்ளியாகவும் இருக்கலாம் என்றேன். நீங்கள்தான் எழுதியது என்று ஒருவர் வாயால் சொன்னால் போதுமா என்றார். பதினான்கு தாளையும் கவிழ்த்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார்.

எழுதினேன். பன்னிரண்டு வாக்கியமும் கோடிட்ட இடங்களோடு எழுதினேன். நூறு தரம் வகுப்பில் சொல்லி எழுத வைத்தது, மறக்குமா? ஐயா அதை எடுத்து ஒவ்வொரு தாளின் முதல் நாலைந்து வரியோடும் ஸ்கேல் வைத்துப் பார்த்தார்.

“சரி, பத்தி உங்களுது. ஆனா இத ஹால்ல வச்சு யாரும் சொல்லலன்னு எப்படி நம்பறது?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. மணி நான்கரை ஆகப்போகிறது. தாள்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு வழி தெரியாமல் என் வேலையைச் செய்தேன். தாள்களை முதல் வரியிலிருந்து பாட்டைப் படிக்கிற மாதிரி படிக்கத் தொடங்கினேன். எது ஒரே மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் பார்த்தாகிவிட்டது. எது வேறாக இருக்கிறது என்று தேடினேன்.

“ஐயா, மையக்கருத்து வரியப் பாருங்க. அங்க நான் கோடுதான் போட்டிருந்தேன். புள்ளைங்களே நிரப்பணும். யாராவது சொல்லிக் குடுத்திருந்தா அதுவும் ஒரே மாதிரி இருக்கணுமே.”

அவர் ஸ்கேலை அந்த வரிக்கு நகர்த்தினார். முதல் தாளில் ‘தந்தையை இழந்த மகளின் துயரம்’. இரண்டாவதில் ‘அப்பாவின் சட்டையைப் பாதுகாத்தல்’. மூன்றாவதில் ‘வேலையைப் பாதியில் விடக் கூடாது’. நான்காவதில் ஒரு பிள்ளை ‘வீட்டுக்கு வெள்ளையடிப்பதன் அவசியம்’ என்று எழுதியிருந்தது. ராஜகுமாரி டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். பதினான்கு தாளில் பதினான்கு விதம். எதுகைக்கு எடுத்த சொற்களும் ஆளுக்கு ஆள் மாறியிருந்தன. ஒருவர் ஆணி, ஏணி. இன்னொருவர் ஏணி, காண. ஒரு பிள்ளை சட்டை, சட்டி என்று போட்டிருந்தது.

ஐயா ஸ்கேலைக் கீழே வைத்தார். எழுதியிருந்த அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதோடு விடவில்லை அவர். நீங்கள் இனி இந்தத் தாள்களில் பேனா வைக்கக் கூடாது என்றார். அது சரிதான். இந்தக் கேள்வியை நானே மறுபடி திருத்துகிறேன், நீங்கள் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசியுங்கள் என்றார். சுவை வரி மட்டும் போதும், சத்தமாக.

வாசித்தேன். “இப்பாடலில் உவகைச் சுவை பொங்குகிறது. படிக்கப் படிக்க நம் உள்ளம் துள்ளுகிறது.” அவர் பச்சை மையில் பூஜ்யம் போட்டு, ஓரத்தில் காரணம் எழுதினார். அடுத்தது. “உவகைச் சுவை பொங்குகிறது. உள்ளம் துள்ளுகிறது.” பூஜ்யம். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் வாக்கியத்தை என் வாயாலேயே மறுபடி மறுபடி கேட்டபோது கூனிக் குறுகிப்போனேன். ஐந்தாவது தரமோ ஆறாவது தரமோ, அந்த ஆணியில் தொங்கும் சட்டை என் கண்ணுக்கு முதல் தரமாகத் தெரிந்தது. அதுவரை அந்தப் பாட்டை நானும் படித்திருக்கவில்லை. எதுகை மோனைதான் பார்த்திருந்தேன்.

பன்னிரண்டாவது தாள். வாசிக்க வாயைத் திறந்து நின்றுவிட்டேன்.

“என்ன?” என்றார் ஐயா.

அந்தப் பிள்ளையும் என் வரியை எழுதியிருந்தது. எழுதிவிட்டு, இரண்டு வாக்கியத்துக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தது. அதற்குக் கீழே, பத்தியின் நல்ல தமிழ் எல்லாம் போய், நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது. வாசித்தேன்.

“இல்லை. இந்தப் பாட்டுக்கு உள்ளம் துள்ளாது. கதவைச் சாத்தாமல் வைத்திருப்பது அப்பா வருவார் என்று இல்லை. வரமாட்டார் என்று தெரியும். ஆனால் சாத்திவிட்டால் நாமே அவரை வராதே என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். எங்கள் வீட்டிலும் சட்டை ஆணியில்தான் இருக்கிறது. அம்மா துவைக்கவில்லை.”

ஐயா தாளை வாங்கிக்கொண்டார். ஸ்கேலை வைத்தார். அந்தக் கடைசி வரியில் ஸ்கேல் வெகுநேரம் நின்றது. அவலம் என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் இல்லை. விடைக்குறிப்பைக் கறாராகப் பார்த்தால் சுவைக்கு ஒன்றும் கிடையாது.

“என்ன போடலாம்?” என்று கேட்டார்.

“நான் சொல்லக் கூடாதுங்க ஐயா.”

தலையாட்டினார். கோடு இழுத்த வரியை மட்டும் பார்த்து ராஜகுமாரி டீச்சர் சுவைக்குப் போட்டிருந்த பூஜ்யத்தை ஐயா அடித்துவிட்டு இரண்டு போட்டார். மற்றப் பகுதிகளுக்கும் முழுதாகப் போட்டு, மொத்தம் எட்டு என்று பச்சையில் வட்டம் போட்டார். பிறகு அவர் சட்டப்படி அவரே ஓரத்தில் காரணம் எழுதினார். எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. இரண்டே சொல்தான்.

‘பாடலைப் படித்திருக்கிறார்.’

மிச்சம் இரண்டு தாளையும் முடித்ததும், ஐந்து மணிக்கு அந்தப் பதினான்கு தாளும் மற்றக் கட்டுகளோடு சேர்ந்தே போயின. காலையில் நான் தெரிந்தே போட்ட ஆறுக்கு மெமோ வந்தது. விளக்கம் கொடுத்தேன், இரண்டு வருஷம் என்னை முகாமுக்குக் கூப்பிடவில்லை. அதெல்லாம் பெரிய விஷயம் இல்லை.

முகாம் முடிந்து ஊருக்கு வரும் பஸ்ஸில் என்னைப் பிடித்துக்கொண்டது வேறு. அந்தப் பிள்ளை யார் என்று எனக்குத் தெரியாது. என் வகுப்புப் பிள்ளையாக இருக்கலாம், குள்ளஞ்சாவடி டியூஷன் பிள்ளையாக இருக்கலாம். தெரியக் கூடாது என்பது விதி. ஆனால் அந்த வருஷம் என் வகுப்பில் அப்பா இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு அதுவும் தெரியவில்லை. ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமலே, அவர்களையும் சேர்த்து உட்கார வைத்து, உள்ளம் துள்ளுகிறது என்று சொல்லி எழுத வைத்திருக்கிறேன்.

அடுத்த வருஷத்திலிருந்து நான் அந்தப் பத்தியைக் கொடுக்கவில்லை. எங்கள் பிள்ளைகளின் மதிப்பெண் இறங்கியது, தலைமையாசிரியர் கூட்டத்தில் என் பெயரை மறுபடி சொன்னார், இந்தத் தரம் வேறு விதமாக. பத்தி மட்டும் இறங்கவில்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியவில்லை. அது ஜெராக்ஸ் கடை வழியாகச் சுற்றி இப்போது வினோதினி கையில் என் வீட்டுக்கே வந்திருக்கிறது, உவகைச் சுவையோடு.

வினோதினி, உன் தாளை இதோடு வைத்து அனுப்புகிறேன். சுவை வரிக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கிறேன், அந்தப் பிள்ளை போட்ட மாதிரியே. அங்கே என்ன எழுதுவது என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. உன் பிள்ளைகள் போனிடம் காட்டி எழுதினாலும், என் பத்தியைப் பார்த்து எழுதினாலும், கையால் தாமாக எழுதினாலும், முழு மதிப்பெண் தர ஓரத்தில் நீ போடக்கூடிய காரணம் ஒன்றுதான், ஐயா எழுதிய அந்த இரண்டு சொல். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் நோட்டுத் திருத்தினேன். மிக நன்று, கையெழுத்து அழகு, எதுகை விடுபட்டது என்று என்னென்னவோ எழுதினேன். அந்த இரண்டு சொல்லை ஒரு பிள்ளைக்கும் எழுதவில்லை.